சுவரோடு ஒட்டிப் போட்ட பீரோ

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நல்லபடியாக இருக்கிறீர்களா. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம், அவ்வளவுதான். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பேச்சும் குறைந்துவிட்டது. நான் மறுபடியும் சலவைக்கூடத்துக்குப் போகிறேன், இஸ்திரி மேசை முன்னால் நின்றால் கையாவது ஓடுகிறது. ஆனால் பக்கத்து மேசைக்காரி நேற்று, மாடியிலேர்ந்து புருஷன் பிடிச்சுத் தள்ளுற அளவுக்கு உம் பொண்ணு அப்படி என்னக்கா பேசினா என்று கேட்கிறாள். கெட்டவள் இல்லை, எனக்கும் சேர்த்துச் சோறு கட்டி வருகிறவள்தான் கேட்டாள்.

செத்துப்போன உன் தங்கச்சியின் துணிமணியை எடுத்துவர அவள் புருஷன் வீட்டுக்குப் போனேன். அதற்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர்தான். அடுத்த வீட்டு அம்மா உட்காரவைத்து டீ கொடுத்து என்னோடு சேர்ந்து அழுதாள். அழுதுகொண்டே சொல்கிறாள், தினமும் அடியும் அலறலும்மா, எங்க குழந்தை தூக்கத்துல பதறும், அதான் பீரோவை அந்தச் சுவரோட ஒட்டிப் போட்டோம், அப்புறம் கொஞ்சம் பரவாயில்லைன்னு. தான் பட்ட கஷ்டமாக அதைச் சொல்கிறாள் தம்பி. என் பொண்ணே மாடியிலிருந்து தவறி விழுந்தாள் என்று அவன் சாதிக்கிறான், நீ கேட்டதைப் போலீசில் வந்து சொல்லும்மா, வேற நாதி இல்லை என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அன்னிக்கு எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே, பீரோதான் இருக்கே என்றாள். அவள் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், புருஷன் பொண்டாட்டி விஷயம், நாம நடுவுல போகக் கூடாது என்றார். இரும்பு பீரோ, தரையில் இழுத்த கோடு இன்னும் இருக்கிறது. அதை இழுத்த நேரத்துக்கு ஒருதரம் வந்து கதவைத் தட்டியிருக்கலாம். சாட்சி இல்லாவிட்டால் அவன் வெளியே வந்துவிடுவான் என்கிறார் வக்கீல். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது.

ஊரைச் சொல்லி என்ன. அவளும் கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம்மா என்று போனில் நீயும்தானே சொன்னாய். அந்த நேரம் மருமகள் ஏதோ கேட்க வந்தாள், ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு என்று அதட்டினாய். அப்புறம் அவள் சத்தமே இல்லை. உன் தங்கச்சி வீட்டுக்குப் போன் போட்டாலும் அவள் குரல் இப்படித்தான் சட்டென்று அடங்கிப்போகும் ஐயா.

நீங்கள் இரண்டு பேரும் நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடுங்கள். மறக்காமல் ஒன்று செய், அடுத்த தடவை போனை முதலில் மருமகளிடம் கொடுத்துவிட்டு நீ வெளியே போய் நில். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் யார் குடியிருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்கணும்.

இப்படிக்கு,
உன்னையும் உன் தங்கச்சியையும் பெற்ற அம்மா