கிருபா ஹைதராபாத் வருகிறாள்

இராஜபாளையம்
5-8-93

அன்பு மகள் பரிபூரணத்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் காப்பதில் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், நாலு பக்கம் எழுதியவளுக்கு உடம்பைப் பற்றி ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே. அம்புட்டும் ஹைதராபாத் புராணம். இந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, ரோட்டைத் தாண்டினால் நீ வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடம், அதைத் தாண்டினால் மருந்துக் கம்பெனி, டாக்டர்களே அங்கு வந்துதான் படிக்கிறார்களாம். சரி தாயே, பெரிய ஊர்தான். போன மாதம் கேட்ட வரன் விஷயத்துக்கு மட்டும் அந்த ஊரில் பதில் கிடைக்காதாக்கும்.

எழுதியதோடு நின்றாயா? பக்கத்து ராஜு வீட்டுக்குப் போன் போட்டு, பொன்னுராஜ் அத்தானையே கூப்பிடச் சொல்லி, உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் பரம்பரைக் குறை இருக்கும், அதான் எஸ்தர் பிழைக்கலைன்னு சொல்லியிருக்கிறாய். அப்படியா போட்டு உடைப்பது? இம்புட்டுப் படித்தும் பேசத் தெரியவில்லையே உனக்கு. மறுநாள் முதல் பஸ்ஸுக்கே மகனுக்குப் பரிந்துகொண்டு உன் அத்தை மம்சாபுரத்திலிருந்து வந்துவிட்டாள். எங்க வம்சத்துல என்னட்டி குறையக் கண்டா உன் மக என்று தெருவே கேட்கக் கத்தினாள். அது அப்பாவுடைய வம்சமும்தானே, கூடப் பிறந்தவளை அதட்டாமல் பேப்பரோடு திண்ணைக்குப் போய்விட்டார். நான்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உன் அக்கா கிருபாவோ, மூன்றாம் மாதம் தொடங்கியும் வயிற்றில் பிள்ளை இருக்கிற சந்தோஷமே இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைப்பிள்ளை எஸ்தரைத் தூக்கிக்கொண்டு மூன்று வருடம் மாதாமாதம் மதுரைக்குப் போய் ரத்தம் ஏற்றியது அவள்தானே. இப்போது கிருபாவுக்கும் இங்குள்ள டாக்டர்கள் ரத்தம் போதாது என்று டானிக் எழுதியதோடு சரி. வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையைப் பரிசோதிக்கலாம், இங்கு வா என்று நீ எழுதியதை எம்புட்டுத் தடவை படித்தாளோ, போன வாரம் மாப்பிள்ளை மில்லிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டுவிட்டாளாம். ஒரு கோன் நூலு வெளிய போகணும்னாலே இழுத்துப் பாத்து, முறுக்குப் பாத்து, கையெழுத்துப் போட்டுத்தான அனுப்புதிய, என் பிள்ளைய மட்டும் ஒண்ணும் பாக்காமப் பெத்து மறுபடியும் குழியில வைக்கணுமான்னு. அந்த டெஸ்டிங் வேலைதானே அவருக்கு. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மூன்றாம் நாள் லீவும் சொல்லி, மூன்று டிக்கெட்டும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். ஊசி குத்தையில எஸ்தர் என்னயத்தான் பாப்பா அத்தே, இன்னொரு பிள்ள அப்படிப் பாத்தா என்னால ஏலாது என்று சொன்னவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பொறவு உன் அத்தையே வழிச்செலவுக்கு நூறு ரூபாய் கொடுத்தனுப்பினாள்.

பதினாறாம் தேதி திங்கட்கிழமை இங்கிருந்து புறப்பட்டு, மெட்ராஸில் ரயில் மாறி, புதன் காலையில் அங்கு வந்து சேருவார்கள். துணைக்கு அப்பா வருகிறார். ராஜு வீட்டில் நாலு தெலுங்கு வார்த்தை கற்றுக்கொண்டு நாள் முழுக்க, எங்கே என்பதற்கெல்லாம் எக்கட எக்கட என்று என் உயிரை எடுக்கிறார். நீ மாப்பிள்ளைக்குப் பாடம் நடத்தாதே, அந்தப் பரம்பரை என்கிற வார்த்தையை எடுக்கவே எடுக்காதே. கிருபாவுக்கு ரயில் சாப்பாடு சேராது, வந்ததும் ரசம் வைத்துக்கொடு, உனக்கு வைக்கத் தெரியாவிட்டால் யாரிடமாவது கேள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ கொடுத்துவிடுகிறேன், கூட வேலை பார்ப்பவர்களுக்கும் கொடு, எல்லாவற்றையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். பரிசோதனையில் நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் முதலில் கிருபாவிடம்தான் சொல்ல வேண்டும். அத்தானிடமும் வேண்டாம், அப்பாவிடமும் வேண்டாம், எனக்குத் தந்தியும் வேண்டாம். எஸ்தர் பிழைக்கமாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்து பத்து நாள் கழித்துத்தான் அவளுக்குச் சொன்னோம். அந்தப் பத்து நாளும் அவள் பிள்ளைக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

கர்த்தர் உன் கையோடும் உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் கையோடும் இருப்பாராக. புதன்கிழமை ஸ்டேஷனுக்கு நேரத்தோடு போ, வழக்கம்போல் தூங்கிவிடாதே.

உன் அம்மா
ரா. ஜெயபாய்