ஆள் விழுந்தால் உறுமி நிற்கும்

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்

மாப்பிள்ளை சுவாமிநாதனுக்குத் திருமூர்த்தி எழுதுவது. நீயும், வீட்டில் தங்கச்சியும், பட்டியில் கிடக்கும் உருப்படிகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாடு காக்கும் ஆல்கொண்டமால் சாமி துணை நிற்கட்டும். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிற கடுதாசி, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். மகன் கவினோடு வேலை செய்கிற ஒருத்தர் வெள்ளிக்கிழமை உடுமலைக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லக்கூடிய சமாச்சாரமாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

இங்கே ஆடியிலும் சித்திரை வெயில். தெருவில் ஒரு சனம் நடப்பதில்லை, பால் வாங்கக்கூடக் காரில்தான் போகிறார்கள். ஒருநாள் நான் பாட்டுக்கு நடந்து போனேன், ஒரு வெள்ளைக்காரம்மா காரை நிறுத்தி, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டாள். ஊரைத் தாண்டினால் வேலிக்குள் மாடுகள் நிற்கின்றன. ஒவ்வொரு கொம்பும் இரண்டு முழம், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு. இது எந்தக் கட்டுத்தறிக்குள் எப்படி நுழையும் என்று எனக்கு ஒரே கவலை. கவினைக் கேட்டால், "அப்பா, அதுக்கு நீங்க கவலைப்படாதீங்க"ங்கிறான். சரி, மாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், உனக்குத்தான் தெரியுமே.

சித்திரையில் இங்கே தமிழ்ச் சனங்கள் ஒரு விழா வைத்தார்கள். பறை, உறுமி எல்லாம் ஊரிலிருந்து வரவழைத்து வைத்திருக்கிறார்கள். நானும் சும்மா இருக்கமாட்டாமல் உறுமியை வாங்கித் தோளில் மாட்டினேன். பேத்தி கயல் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் ஒருத்தி, ஹேலி என்று பேர். மருமகள் தாமரைச்செல்வி அவளைக் கூட்டிவந்திருந்தாள். உறுமியின் இடது பக்கத்தைக் குச்சியால் தேய்த்து ஒரு இழுப்பு இழுத்தேன் பார், அந்த ஹேலி எழுந்து மேடைக்கே வந்துவிட்டாள். மாடு மூச்சு விடுகிற சத்தத்தை இரண்டு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறாளாம்.

எதற்கென்றால், அவள் கூட்டாளி ஒருவன் ரோடியோவைப் படம் பிடித்து வைத்திருக்கிறான். ரோடியோ என்றால் மாட்டு முதுகில் ஆள் ஏறி, ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்து உட்கார வேண்டும். எட்டு எண்ணுகிற வரைக்கும் விழாமல் இருந்தால் ஜெயம். படத்தில் கதை கிடையாது, நடிப்பு கிடையாது, எல்லாம் நிஜமாக நடந்தது. பேச்சும் கிடையாது. திரையில் படம் ஓட ஓட, ஹேலியோடு சேர்த்து ஐந்து பேர் அடியில் உட்கார்ந்து நேரடியாக வாசிக்க வேண்டும். ஒருத்தர் பிடில், இரண்டு பேர் கிதார், ஹேலி ஆர்மோனியப் பெட்டி, நான் உறுமி. வருகிற சனிக்கிழமை ஆஸ்டினில் நிகழ்ச்சி.

அந்தப் படத்தில் ஒன்று பார்த்தேன், மாப்பிள்ளை. ஆள் விழுந்ததும் இரண்டு பேர் ஓடிவந்து மாட்டின் முகத்துக்கு நேரே கையை ஆட்டி, அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறார்கள். உறுமிச் சத்தத்துக்கு ஆடுகிற நம் கோயில் சலகெருதுக்கு முன்னால் நீ இரண்டு கோலையும் ஏந்திக் குதித்து ஆடுவாயே, அதே கால்வைப்பு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு ஒத்திகை வந்தது. படத்தில் வயாட் என்று ஒரு பையன், இருபத்திரண்டு வயசு. ஐந்து எண்ணுவதற்குள் விழுகிறான். மாடு திரும்பி வந்து அவன் முதுகில் காலை வைக்கிறது. அந்த இடத்தில்தான் எல்லாரும் உச்சத்துக்கு வாசிக்க வேண்டும் என்பது ஹேலியின் கணக்கு. அவன் விழுந்தான், என் கை நின்றுவிட்டது. நான் தாளம் தவறிவிட்டேன் என்று நினைத்து, மறுபடி ஓட்டினாள். மறுபடியும் நிறுத்தினேன். மூன்றாம் தடவை கவினைக் கூப்பிட்டாள், அவன்தான் எனக்குத் துபாஷி.

நம் ஊர் வழக்கத்தை நான் சொன்னேன். எருதுக்கு முன்னால் ஆள் விழுந்தால் அந்த நொடியே உறுமி நிற்க வேண்டும், சத்தம் நின்றால்தான் எருது தணியும் என்று. பிடில்காரர் சிரித்துவிட்டார். கவினுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா, அது ஸ்கிரீன்ல இருக்கற மாடுங்கப்பா. நீங்க நிறுத்தினா அது நின்னுடுமா? அவங்க ஃபிலிம், அவங்க சொல்றதை வாசிங்க. கயலோட டீச்சர் வேற"ங்கிறான். ஹேலியும் பொறுமையாகத்தான் சொன்னாள். அந்த இடத்தில் உறுமி இல்லாவிட்டால் பாட்டே இறங்கிவிடும், முடியாது என்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று.

நான் சொன்னேன், "வேற ஆள் பாரும்மா, தப்பே இல்ல. நான் வாசிச்சா அந்த எடத்துல நிக்கும்." ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டாள். அந்த வயாட் இப்போது கைத்தடியோடு நடக்கிறானாம், சனிக்கிழமை அவனும் அவன் அம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்களாம். அதைக் கேட்ட பிறகு என்னால் மழுப்ப முடியவில்லை. சொல்லிவிட்டேன். கவின் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தான். பாதியில் அவன் வாய் நின்றுவிட்டது, என்னையே பார்த்தான். "சொல்லுடா" என்றேன். சொன்னான்.

மகனுக்கும் வெளியாளுக்கும் தெரிந்த பிறகு, கேட்க வேண்டியவன் நீ கேட்காமல் இருக்கக் கூடாது. வேறு வாய் வழியாக உன்னிடம் வரக் கூடாது. அதனால்தான் இந்தக் கடுதாசி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மாட்டுப்பொங்கலன்று கோயில் வாசலில் எருது திரும்பியது, உன் கோல் முறிந்தது, நீ விழுந்தாய். கூட்டம் மறைத்துவிட்டது, நான் பார்க்கவில்லை என்று ஊரில் சொன்னேன். பார்த்தேன், மாப்பிள்ளை. வீடியோ எடுத்தவன், "நிறுத்தாதீங்ண்ணா, இப்பத்தான் செமையா வருது" என்று கத்தினான். அவன் கேமரா என் பக்கம் இருந்தது. நான் இன்னும் இரண்டு சுற்று அடித்தேன். இரண்டாவது சுற்றில்தான் அது உன் இடுப்பை மிதித்தது. பெரியவர்கள் என்னை நிறுத்திக் கேட்டபோது, கட்டிலில் கிடந்த நீயே எனக்காகப் பேசினாய். "அவன் பாத்திருந்தா நிறுத்தியிருப்பான், எனக்குத் தெரியாதா" என்றாய். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ஏழு வருஷம் உன் வீட்டில் காப்பி குடித்தேன்.

கவின் சொல்லி முடித்ததும் ஹேலி படத்தை அந்த இடத்துக்கே திருப்பி ஓட்டிப் பார்த்தாள். பிறகு, சனிக்கிழமை ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், நீங்கள் நிறுத்துங்கள், நாங்கள் நால்வரும் வாசிக்கிறோம் என்றாள். திரும்பி வரும்போது கவின் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, "சுவாமிநாதன் மாமாவுக்குத் தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். இறங்கிப் போய்விட்டான். அவன் கோபம் நியாயம்தான்.

சனிக்கிழமை நான் போவேன். அந்தப் பையன் விழுகிற இடத்தில் என் கை நிற்கும். பாட்டு இறங்கினாலும் சரி, வந்திருக்கிறவர்கள் கிழவனுக்குத் தாளம் தெரியவில்லை என்று நினைத்தாலும் சரி. அதனால் உன் இடுப்பு நேராகிவிடாது, அது எனக்குத் தெரியும்.

புரட்டாசியில் எனக்கு டிக்கெட். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். என் வீட்டுப் பரணில் உறுமி இருக்கிறது. என் வீட்டுக்காரி வசந்தாமணியிடம் இந்தக் கடுதாசியைக் காட்டு, ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பாள். கொண்டுபோய் உன் வீட்டில் வைத்துக்கொள். தை மாதம் அதை என் தோளில் மாட்டுவதா, வேறு ஒருத்தன் தோளில் மாட்டுவதா, பரணிலேயே போடுவதா என்று நீ சொல். எதைச் சொன்னாலும் நான் ஊருக்குள்தான் இருப்பேன், உன் தோட்டத்து வழியாகத்தான் நடப்பேன்.

மழைக்காலம் வருகிறது. இடுப்புக்கு எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்த்துக்கொள், ஈரத்தில் நிற்காதே. நீ நல்லபடியாக நடமாட வேண்டும், மாப்பிள்ளை.

இப்படிக்கு,
திருமூர்த்தி