தாமதமாகச் சொல்லும் ஊசி

மார்ச் 4
முதுகு விட்டுப்போகிறது. காலை முழுவதும் மைக்ரோஸ்கோப்தான். உடம்பின் சர்க்கரையை அளக்க, தலைமுடியைவிட மெல்லிய ஊசி, அதன் நுனியில் நாங்கள் பூசிய என்சைம். சர்க்கரை வந்து பட்டால் எலக்ட்ரான்கள் கழன்று வரும். அந்த மின்னோட்டம்தான் திரையில் எண்ணாகிறது. கண்ணாடிக் குடுவையில் சொன்னபடி கேட்கிறது. எலியின் தோலுக்கடியில் வைத்தால்தான் அடம்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "என் ஊசி என்ன சொல்லுது?" என்றாள். மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்கும் முதல் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை இறங்குவதே தெரியாது. நடுக்கம், வியர்வை ஒன்றும் வராது, நேராக மயக்கம்தான். சர்க்கரையை அளக்கக் கடையில் கிடைக்கிற ஒட்டுப்பட்டையும் ஆகவில்லை. பசை பட்ட இடமெல்லாம் புண்.

மார்ச் 9
எலிகளுக்கு மூன்றாவது வாரம். சர்க்கரை இறங்கிவிட்டது; ஊசி பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கிறது. சாவகாசமாகத்தான் இறங்கி வருகிறது.

மார்ச் 10
திசுவைச் சீவிப் பார்த்தேன். ஊசியைச் சுற்றி உயிரணுக்கள் அடுக்கடுக்காகச் சுவர் எழுப்பியிருக்கின்றன. முள் குத்தினால் உடம்பு செய்வதுதான். சர்க்கரை அந்தச் சுவரில் கசிந்து உள்ளே வருவதற்குள்— யாரைக் குறை சொல்ல?

மார்ச் 13
பேராசிரியரிடம் காட்டினேன். கெட்டவர் இல்லை, அவரும் ஓய்ந்துபோயிருக்கிறார். "சராசரி எடுத்துப் பாரும்மா, சரியா வருது. அனுமதிக் கமிட்டிக்கு அது போதும்."
சராசரியில் தாமதம் கரைந்துபோகும். அவருக்குத் தெரியாதா?

மார்ச் 14
சொன்னால் அக்காவுக்கு ஊசி கிடைக்காது. சொல்லாவிட்டால் கிடைத்துவிடும்.

மார்ச் 18
அனுமதிக் கமிட்டி கூடியது. ஒரு டாக்டர், "மூணாவது வாரத்துல எப்படி இருக்கு?" என்றார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். சராசரியைச் சொல்லியிருக்கலாம். தாமதத்தைச் சொன்னேன். மனிதர்களுக்குப் பொருத்துவதை ஒத்திவைத்துவிட்டார்கள்.
வெளியே வந்ததும் பேராசிரியர், "சொல்லப்போறேன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.
வீட்டில் அக்கா அவ்வளவோடு விடவில்லை. "உனக்கு எப்பவும் உன் வேலைதான் பெருசு." கதவைச் சாத்திக்கொண்டாள்.
நான் என்னதான் பண்றது? எல்லாரும் என்னையே சொன்னா—

மார்ச் 23
பேச்சில்லை. என் தட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள்.

மார்ச் 29
நான் கூப்பிடவில்லை, அக்காவே ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து நின்றாள். "காட்டு."
ஸ்லைடை வைத்துக் கொடுத்தேன். குனிந்தவள் நிமிரவே இல்லை.
"இதெல்லாம் உடம்பே கட்டினதா?"
"ஆமா."
"எனக்கும் கட்டியிருக்கும்."
"ஆமாக்கா. நீ விழுந்தப்புறம்தான் உன் சர்க்கரை இறங்கினது அதுக்குத் தெரிஞ்சிருக்கும்."
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சாப்ட்டியா?" என்றாள்.

ஏப்ரல் 20
ஊசிமேல் நீர் ஊறிய மெல்லிய பூச்சு போட்டுப் பார்க்கிறோம். உடம்பு அதை முள் என்று எண்ணாமல் இருக்கட்டும் என்று. பேராசிரியரின் யோசனை. சுவர் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. தாமதம் குறைந்திருக்கிறது, போகவில்லை. மனிதர்களுக்கு வர இன்னும் இரண்டு வருடமாவது ஆகும்.

வீட்டுக்கு வந்தால் அக்காவின் கட்டில் என் அறையில்.
"ரெண்டு வருஷம் தனியா படுக்க பயமா இருக்கு" என்றாள், தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே. "நீ குறட்டை விட்டா எழுப்பிடுவேன்."
இடம் பற்றவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து என் மேசையைக் கூடத்துக்குத் தள்ளினோம்.