நீலத் துணி ஒட்டிய பெட்டி

கம்பைநல்லூர்,
12.8.86

அன்புள்ள சவரிக்கு,

பாடகர் குழுவுக்கு மறுபடி ஒரு ஆம்ப்ளிபயர் வாங்கிவிட்டேன். சேலத்தில் பழைய ரேடியோக் கடையில் மலிவாகக் கிடைத்தது. ஐந்து வாட்தான், வால்வு போட்டது. நம் கோயிலுக்கும் என் கிடாருக்கும் அது போதும், உனக்கே தெரியும்.

கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். வால்வு சூடேறக் காத்திருந்தபோதுதான் ஸ்பீக்கர் துணியின் மூலையைப் பார்த்தேன். எலி கடித்த இடத்தில் நீலத் துணி ஒட்டு. மாதா தேருக்கு வாங்கியதில் மிச்சமானதை வைத்து என் ராஜமேரி தைத்தது.

"இதை யாருங்க வித்தாங்க?" என்று கேட்டேன்.

"தர்மபுரிப் பக்கத்துப் பையன்ங்க. நல்லா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் வித்தான்."

நீ ஏறிவந்த லாரி தொப்பூர்க் கணவாயில் கவிழ்ந்து நம் ஆம்ப்ளிபயர் பெட்டி பள்ளத்தில் போய்விட்டது என்று அழுதாயே, அன்று பெட்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டேனா?

வீட்டில் ராஜமேரி அந்த ஒட்டைத் தடவிப் பார்த்தாள். "கேட்டிருந்தா நாமளே குடுத்திருப்போமேங்க" என்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

யாரிடமும் நான் சொல்லவில்லை. மாதா திருவிழாவுக்கு நீ பெங்களூரிலிருந்து வாசிக்க வருவாய் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். வா. பெட்டியை ஒட்டு தெரியும்படிதான் வைத்திருப்பேன்.

நீ உயிர் பிழைத்ததற்காக வேளாங்கண்ணி போய் மொட்டை போட்டேன். முடி இன்னும் சரியாக வளரவில்லை. மாதாவுக்கு எதற்காக நன்றி சொன்னேன் என்று வந்து நீயே சொல்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் நின்று வாசித்தவன்