அந்தக் காளான் பொட்டலம்

சுங்பிங் ஊர், யுன்னான்

அன்புள்ள மகள் ஃபெங்லானுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நல்ல சுகமாயிருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், நலம் என்று எழுதக் கை வரவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்கப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது மேற்கொண்டு படி.

உன் பதில் தந்தி கிடைத்தது. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, தின்னவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அப்பா பறித்தது தப்பாகுமா, நல்லதைப் பொறுக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். கூடாது ஃபெங்லான். அப்பா இல்லையம்மா. அந்தக் காளான்தான் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இந்த வருஷம் மழை பிந்திவிட்டது, அவர் வழக்கமாகப் போகிற சரிவில் ஒன்றும் முளைக்கவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, காட்டுக் காளானைக் கோழிச்சாற்றில் போட்டுக் குடித்தால்தான் ரத்தம் ஊறும், பால் சுரக்கும் என்று ஒரே பிடிவாதம். பழக்கமில்லாத கிழக்கு மலைக்குப் போனார். முதல் பறிப்பு முழுவதையும் உனக்கென்று அடுப்புக்கு மேலே உலர்த்தி அனுப்பினார், ஒரு துண்டு வாயில் போடவில்லை. எனக்குக் கொஞ்சம் என்றதற்கு, உனக்கென்ன, நீயா பிள்ள பெத்திருக்க என்று கேலி வேறு. மறுபடி போய்ப் பறித்ததைத்தான், நான் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று, தானே வதக்கிச் சாப்பிட்டிருக்கிறார். நாம் தின்கிற புற்றுக்காளான் என்றே நினைத்திருக்கிறார். மொட்டாக இருக்கையில் வெள்ளை விஷக்காளானும் அப்படித்தான் இருக்குமாம். கூடப் போட்ட பூண்டு கறுக்கவில்லை, அதனால் பயமில்லை என்று நம்பியிருக்கிறார். நம் ஊரே அப்படித்தானே நம்புகிறது. பூண்டு எந்த விஷத்தையும் காட்டிக்கொடுக்காது என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் திரும்பி வந்தபோது வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார். நம் ஊரில் மழைக்காலத்தில் நீலக்காளானை அரைவேக்காட்டில் தின்றுவிட்டு, அந்த மயக்கத்தில் சுவரில் குட்டி மனிதர்கள் ஆடுவதைப் பார்க்காதவர் யார்? பக்கத்து வீட்டு யாங் குவெய் சிரித்துக்கொண்டே வந்தான், என்ன அண்ணே, குட்டி ஆளுங்க வந்துட்டாங்களா, நம்ம வீட்டுக்கும் ரெண்டு பேர அனுப்பி வைங்க என்று. ஒருத்தனும் வரலடா, குடல்தான் வெளிய வருது என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம், பாவிகள். குட்டி மனிதர்கள் வராததால் இது வேறு காளான் என்று அப்போதே பயந்திருக்க வேண்டும். மறுநாள் எல்லாம் நின்று கஞ்சி குடித்தார், தோட்டத்தில் புகையிலை இலை ஒடிக்கக்கூடப் போனார். சரியாகிவிட்டது என்றிருந்தோம். அதற்கடுத்த நாள் கண் மஞ்சளாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈரல் போயிடுச்சும்மா, இந்தக் காளான் நடுவுல ஒரு நாள் நல்லாயிட்ட மாதிரி ஏமாத்தும் என்றார் டாக்டரம்மா.

அதைக் கேட்டதும் அப்பா உன்னை நினைத்துத்தான் பதறினார். எழுந்து உட்காரப் பார்த்தார். அதே மலைல பறிச்சதத்தான் ஃபெங்லானுக்கு அனுப்பிருக்கேன், ஓடு, தந்தி அடி என்று என்னைத் துரத்தினார். அடித்துவிட்டு வந்தேன். பதில் வந்துச்சா, பதில் வந்துச்சா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், வந்துவிட்டது, நீ தின்னவில்லை என்று பொய் சொன்னேன். எங்க, தாளக் காட்டு என்றார். காட்ட என்னிடம் என்ன இருந்தது? அதற்குப் பிறகு அவருக்கு நினைவு வரவில்லை. அவரைப் பைன் தோப்பில் அடக்கம் செய்த மறுநாள் உன் தந்தி வந்தது.

எதையும் பொறுக்காதே. காய்ந்து சுருங்கியபின் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா கை பட்டது என்று ஒரு துண்டைக்கூட எடுத்து வைக்காதே, உனக்கு அப்படித் தோன்றும், நான் பெற்றவள், எனக்குத் தெரியும். குப்பையில் போட்டால் யாராவது எடுத்துவிடுவார்கள், நெருப்பில் போடு. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்பாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், என் ஆயுளும் உங்களுக்குச் சேரட்டும்.

உன் தந்தித் தாளை அவர் குழிமேட்டின் தலைமாட்டில் விரித்து, பறக்காமல் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன். அதில் தின்னவில்லை என்றுதான் இருக்கிறது. எரித்துவிட்டேன் என்று இன்னொன்று அடி. அவருக்குக் காட்ட வேண்டும்.

உன் அம்மா,
லூ ஷுஹுவா