படகுத்துறையில் ஒரு கூடு

என் அன்புக் கணவருக்கு,

இங்கே நான், அத்தை, மகள் மூவரும் நலம். நீங்களும் அங்கே கிரேன் ஓட்டுகிற கூண்டுக்குள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி, அப்புறம்?" என்பீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பாருங்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரியை ஞாயிற்றுக்கிழமை விழா எடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்! ஆமாம், "சாக்கடைக்கு ஏரின்னு ஒரு பேரு" என்று மூக்கைப் பொத்திக்கொள்வீர்களே, அதே ஏரிதான். கழிவுநீர்க் குழாயை நகராட்சி வேறு பக்கம் திருப்பிவிட்டது. ஆகாயத்தாமரையைத் தெருக்காரர்கள் சேர்ந்து வாரிக் கரையேற்றினோம். நானும்தான்! தையல் மெஷினை மூடிவிட்டு முழங்கால் சேற்றில் நின்றேன். இப்போது தண்ணீரில் வானம் தெரிகிறது. சுற்றி வர நடைபாதை, உட்காரப் பெஞ்சு, படகுத்துறை எல்லாம் வந்தாயிற்று.

ஆனால் திறப்பு விழா நடக்குமா என்றே ஒரு கட்டத்தில் சந்தேகமாகிவிட்டது. அதற்கு உங்கள் மனைவிதான் காரணம்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்பு படகுத்துறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். தூணோரம் அழுகின பாசி ஒரு குவியலாக மிதந்தது. குப்பைதானே என்று கொக்கிக் கம்பைப் போட்டு இழுத்தேன். மேல்பாசி விலகியது. உள்ளே முட்டைகள்! நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்ற தபால்காரர் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அது முக்குளிப்பான் கூடாம். புறாவைவிடச் சின்ன நீர்ப்பறவை. மிதக்கிற கூட்டில் முட்டையிட்டு, வெளியே போகும்போது பாசியால் மூடிவிட்டுப் போகுமாம். ஏரியைச் சுத்தம் செய்கிற எங்கள் குழுவை நடத்துகிற டீச்சர் சொன்னார். குஞ்சு பொரிக்கும்வரை அந்தத் துறையில் படகே விடக்கூடாது என்றும் சொன்னார்.

அன்றைக்கே கூட்டம் போட்டோம். படகு ஓட்டப்போகிற அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. நாங்கள் அவரைத் துடுப்பு அண்ணன் என்போம். இதற்காகவே லாரி ஓட்டுகிற வேலையை விட்டு வந்தவர். "ஒரு குருவிக்காக என் பொழப்புல மண்ணைப் போடுறீங்களா?" என்று கத்தினார். பாதிப் பேர் அவர் பக்கம். கூட்டைத் தூக்கித் தள்ளி வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். தள்ளி வைத்தால் தாய் திரும்பாது என்றார் டீச்சர்.

கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடத் தயங்குகிறவள் நான். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, எழுந்துவிட்டேன். "இத்தனை நாளா சேத்துல நின்னது எதுக்கு? வாங்க வாங்கன்னுதானே சுத்தம் பண்ணோம்? வந்த விருந்தாளியக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுறதா? அண்ணன் பொழப்பும் நிக்கக் கூடாது. எதிர்க்கரையில இன்னொரு துறை கட்டுவோம். நானும் வந்து பலகை தூக்குறேன்" என்றேன். அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கு ஓடினேன். கோபத்தில் மனிதர் கூட்டை ஏதாவது செய்திருந்தால்? துறையில் படகுகளைக் காணோம். இரண்டையும் எதிர்க்கரைக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, துறைக்குக் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து சாயங்காலம் கோவமா இங்கதான்மா வந்து உக்காந்தேன். என்னப் பாத்ததும் அதுக்கு உசுரு போற பயம். ஆனாலும் பாசிய இழுத்து இழுத்து முட்டையப் போத்திட்டுத்தான் முங்குச்சு. எனக்கும் வீட்டுல ரெண்டு இருக்கே" என்றார்.

அப்புறம் என்ன! காலி டிரம், பழைய பலகை என்று கிடைத்ததையெல்லாம் வைத்து எதிர்க்கரையில் துறை கட்டினோம். நான் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பழைய திரைச்சீலைகளையெல்லாம் வாங்கி ஒன்றாகத் தைத்து, கூட்டுக்கு எதிரே நீளமாக ஒரு மறைப்புக் கட்டினேன். எட்டிப் பார்க்கப் பெரியவர்கள் உயரத்தில் ஒரு வரிசை ஓட்டை, குழந்தைகள் உயரத்தில் ஒரு வரிசை. விழாவுக்கு வந்த கூட்டம் படகை மறந்துவிட்டு ஓட்டைக்கு வரிசை நின்றது! அத்தை அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். திறந்துவைக்க வந்த அதிகாரி உரக்கச் சிரித்ததற்கு, "தம்பி, உள்ள பிள்ளத்தாச்சி இருக்கா, மெதுவா" என்று ஓர் அதட்டல். அவரும் கைகட்டி நின்றார்.

இன்று காலை குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன! கோடு கோடாக முகம். தாயின் முதுகில் ஏறி, இறக்கைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கின்றன. துடுப்பு அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் தூசியாம்.

வீட்டுப் புரோக்கர் நேற்று மறுபடி வந்தார். நம் வீட்டை விற்க நீங்கள் விலை பேசச் சொன்னதாகச் சொன்னார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். கொசுவும் நாற்றமும் தாங்காமல் நீங்கள் எடுத்த முடிவு. அன்றைக்கு அது சரிதான். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை வந்து, காலையில் கொல்லைக் கதவைத் திறந்து நில்லுங்கள். அப்புறமும் விற்கலாம் என்றால் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். இல்லை, பேசுவேன். இப்போது எனக்குப் பேச வருகிறது.

கிரேனில் பார்த்து ஏறுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் போனபோது மகள் என் இடுப்பு உயரம். இப்போது தோளைத் தொட்டுவிட்டாள். சீக்கிரம் வாருங்கள்.

வழிபார்த்திருக்கும்,
உங்கள் மனைவி