பட்டாணிக் காட்டில் கலைக்காமல் விட்ட குழி

ஏனுங்க மாமா,

காலையில் பிரிட்ஜைத் திறந்ததும் புளித்த மோர் வாடை முகத்தில் அடித்தது. மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "கீழ ஊத்திப்போடட்டுங்களா அத்தை?" என்றாள். வேண்டாமென்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு அது கெட்டுப்போன மோர். எனக்கு அது உங்கள் சட்டை வாடை.

தொண்ணூறுகளில், மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலைச்சரிவில் நாம் பட்டாணி போட்ட காலம். வருடா வருடம் இலையெல்லாம் மாவு தூவியது மாதிரி சாம்பல் நோய். மண்டிக்காரர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கட்டச் சொல்லிவிட்டார். உங்கள் அப்பா ஒரே பேச்சாகச் சொன்னார்: "இந்தத் தடவையும் இப்படின்னா காட்டைக் குத்தகைக்கு உட்டுப்போட்டு, நீ பல்லடத்துக்குத் தறி ஓட்டப் போயிரு." நான் இங்கே, நீங்கள் அங்கே என்றாகிவிடும். அப்போது நமக்குக் கல்யாணமான புதுசு.

நெருக்கி நட்டால் காற்று நுழையாது, ஈரம் தங்கும், நோய் வரும் என்று விவசாய ஆபீசில் கேட்டு வந்தீர்கள். கயிறு பிடித்து, வரிசைக்கு வரிசை ஒரு முழம், செடிக்குச் செடி நாலு விரல் என்று குறித்தீர்கள். விதை ஊன்ற வந்த பெண்களோ குழிக்கு மூன்று நான்கு போட்டுவிட்டார்கள். "காட்டுக்குள்ள கஞ்சத்தனம் ஆகாதுங்க. கை நெறையப் போட்டாத்தானுங்க வெள்ளாமை!" பாவம், நம் மேல் இருந்த பிரியத்தில் செய்தது.

முளைத்ததும் குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கி, கலைத்துவிட வேண்டியதாயிற்று. குனிந்தீர்கள். ஒரு செடியைப் பிடித்தீர்கள், விட்டுவிட்டீர்கள்.

"என்னால ஆகலை அம்மணி. நாமளே மொளைக்க வெச்சு, நாமளே புடுங்கறதா?"

ஆறடி ஆள் கண் கலங்கி நிற்கிறீர்கள். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப பல்லடத்துக்கே போங்க!" என்று சொல்லிவிட்டு நானே பிடுங்க ஆரம்பித்தேன். நீங்கள் பின்னாலேயே வந்து, பிடுங்கிப் போட்டதையெல்லாம் வேட்டி மடியில் பொறுக்கினீர்கள். அன்றைக்கும் மறுநாளும் நம் வீட்டில் பட்டாணிக் கொழுந்துக் கடைசல்தான்.

அப்புறம் சாம்பல் நோய் வராமலிருக்க, வாரம் தவறாமல் புளித்த மோரில் தண்ணீர் கலந்து செடிக்கு அடித்தீர்கள். அசுவினிப் பூச்சிக்கு இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்த கரைசல். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கிவிட்டு நீங்கள் குதித்த குதி இருக்கிறதே, இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

இலை பச்சையாகவே நின்றது. காய் திரண்டு வந்தது. மண்டிக்காரர் ஒன்றை உரித்து வாயில் போட்டு, "நாளைக்கும் கொண்டாங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நீங்கள் என் கையை விடவேயில்லை. பல்லடம் பேச்சு அதோடு நின்றது.

நீங்கள் போனபின் இது இரண்டாவது வெள்ளாமை. இப்போதும் நானேதான் கலைக்கிறேன், கை தயங்குவதில்லை. வரப்போரக் குழி ஒன்றில் மட்டும் இரண்டு செடியைப் பிடித்துப் பார்க்கிறேன், என்னாலும் ஆகவில்லை மாமா. நெருக்கிக்கொண்டு வளர்ந்து சிறுத்துத்தான் காய்க்கின்றன. அந்தக் காயை மண்டிக்கு அனுப்புவதில்லை. அங்கேயே நின்று உரித்துத் தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.